பிரித்தெடுக்கும் வேலை

மைதானத்துக்கு அடியில், மூன்றாம் வாயிலுக்குப் பின்னால்,
ஜன்னல் இல்லாத அறையில் எனக்கு வேலை.
டிசம்பரில் பேஸ்பால் கிடையாது.
ஈரி ஏரிக் காற்று மட்டும்
காலி இருக்கைகளை ஒவ்வொன்றாய்த் தட்டிப் பார்க்கும்.

மேலாளர் நான்கு பெட்டிகளை இறக்கினார்.
"ஒடூபர். எல்லாமே ஒடூபர்.
பெயரைப் பிரித்துவிடு லொரேன்,
சட்டையாவது மிஞ்சட்டும்."

போன டிசம்பரில் இதே சட்டைக்கு
வாசல் தாண்டி வரிசை நின்றது.
ஏழு வருடம், பதினான்கு கோடி டாலர்.
அரூபாத் தீவுக்காரன்,
பனிக்கோட்டின் ஜிப்போடு மல்லுக்கட்டியதைப் பார்த்து
ஊரே சிரித்தது, அன்போடுதான்.
அன்பு ஜூன் வரை தாங்கியது.

நானூற்றைம்பது முறை மட்டை வீசி
தொண்ணூற்றைந்தே ஹிட்.
பார்மாவிலிருந்து டுவேன் என்றொருவர்
தினமும் வானொலிக்குக் கூப்பிடுவார்:
"ஒரு ஹிட்டுக்கு இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் டாலர்!
என் வீடே அவ்வளவு பெறாது!"
பொய்யில்லை.
ரசீதின் பின்புறம் நானும் வகுத்துப் பார்த்தேன்.

முதல் கோணல் முற்றும் கோணல்.
எல்லோரும் அதைத்தான் வேறு வேறு வாயால் சொன்னார்கள்.
ஊசி பிடிப்பவள் நான், மறுக்க முடியவில்லை.
முப்பத்தொரு வயது;
உள்பக்கம் வரும் வேகப்பந்துக்கு
அவன் கை ஓர் இமைப்பொழுது தாமதம்.
எதிரணிகள் கண்டுபிடித்துவிட்டன.
கண்டுபிடித்ததை யார் மறக்கப்போகிறார்கள்?

புள்ளிவிவர அறையிலிருந்து காபிக்கு வரும் டெஸ்மண்ட்
வேறு சொல்கிறான்:
"பந்து சுளீரென்றுதான் போனது.
போன இடத்திலெல்லாம் ஆள் நின்றான், அவ்வளவுதான்.
அதிர்ஷ்டம் ஒரே வருடத்தில் கணக்கு முடிக்காது."
டெஸ்மண்டுக்கு இருபத்து நான்கு.
போனதெல்லாம் திரும்பும் என்று
நம்புவதற்குச் செலவில்லாத வயது.

என்னைக் கேட்டால் என் வலது முழங்காலைச் சொல்வேன்.
நாற்பத்தோராயிரம் டாலர்.
அதுவும் நீண்டகால ஒப்பந்தம்தான்.
முதல் வருடம் சுத்தமாக ஏமாற்றியது.
பழைய எலும்பே தேவலை என்று
படியில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன்.
இரண்டாம் வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை,
நிலவறையிலிருந்து துணிக்கூடையோடு
மேலே வந்து நின்ற பிறகுதான் உறைத்தது:
கைப்பிடியை நான் தொடவே இல்லை.
மழை நாளில் இன்றும் வலிக்கும்.
ஓட்டம் இல்லை. நடனம் இல்லை.
திரும்பி வந்ததா என்றால், வந்தது.
கொடுத்த விலைக்கு வந்ததா என்றால்
மருத்துவமனைக் கல்லாவில் போய்க் கேளுங்கள்.

கத்தரி முனையால் முதல் எழுத்தின் ஓரத்தைத் தூக்கினேன்.
வட்டமான எழுத்து, ஒரே நூல்.
ஒரு முனை அகப்பட்டால் போதும்,
மளமளவென்று வந்துவிடுகிறது.
அத்தனையும் உருவி
சட்டையை விளக்குக்கு நேரே பிடித்தேன்.
ஊசி போன துளைகளில் வெளிச்சம் நின்று
ஒடூபர் என்றே எழுதியிருந்தது.
இஸ்திரி போட்டேன். போகவில்லை.

அப்புறம் வேறு வேலை, வேறு சாக்கு.

ஏப்ரல். தொடக்க ஆட்டம், பனித்தூறல்.
தலைக்கு மேல் நாற்பதாயிரம் பாதங்கள்.
முதல் முறை அவுட்.
இரண்டாம் முறை நின்ற இடத்திலேயே அவுட்;
ஊளைச் சத்தத்தில் என் மேஜை விளக்கு நடுங்கியது.
மூன்றாம் முறை அதே பந்து,
உள்பக்கம், வேகமாக.
மட்டை இரண்டாகப் பிளந்தது.
பந்து நனைந்த காலுறை போல் எழும்பி
ஓடி வந்த மூன்று பேருக்கும் எட்டாமல்
நடுவில் தொப்பென்று விழுந்ததாம்.
அசிங்கமான ஹிட்.
ஏட்டில் அசிங்கத்துக்குத் தனிப் பத்தி கிடையாது.
பார்மாவில் டுவேன் வகுக்கத் தொடங்கியிருப்பார்.

மூன்று பெட்டிகள் இன்னும் மீதி.
மேலாளர் தலையை நீட்டினார்: "முடிந்ததா?"
கத்தரியைக் காணோம் என்றேன்.
அது என் மேலங்கிப் பையில்
தொடையைக் குத்திக்கொண்டிருந்தது.